இரண்டு தாடிக்காரர்கள்

என் மேசை ஓரத்தில் இரண்டு பொம்மைகள் நிற்கின்றன. ஒரே அச்சில் வார்த்தவை. மூன்று சென்டிமீட்டர் உயரம்கூட வராத குட்டைப் போர்வீரன். இடுப்பு வரை தாடி, தோளில் சாய்த்த கோடரி. முதலாவதற்கு நான் வண்ணம் தீட்டியது 1995-இல். வேலைக்காக இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்துக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலம் அது. இரண்டாவதைப் பழைய பொம்மைகள் விற்கிற ஒரு சந்தையில் கண்டதும் விலை கேட்காமலே கையில் எடுத்துக்கொண்டேன். அதைத் தீட்டி முடித்தது போன வருஷம்.

முதல் தாடிக்காரனின் முகம் முழுக்க ஒரே ரோஜா நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு, அதன் நடுவே கறுப்புப் புள்ளி. எந்நேரமும் திடுக்கிட்ட பார்வை. தாடி செங்கல் நிறத்தில் ஒரே பூச்சு. கோடரியில் வெள்ளி வண்ணம் தடித்துத் திரண்டதில், சிற்பி பாடுபட்டுக் கீறிய கொடிவேலை மூழ்கிப்போயிருக்கிறது. மூக்கு நுனியில் வண்ணம் பெயர்ந்து உலோகம் எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது ஆளின் கன்னத்திலும் மூக்கிலும் குளிர்க்காற்று பட்ட சிவப்பு இருக்கிறது. தாடி வாயருகே கறுத்து, கீழே வர வர நரைக்கிறது. கோடரியின் வாய் நெடுக ஒரு முடி அளவுக்கு வெளிச்சக் கோடு.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையைவிடப் பெரிய பலகையில் செயற்கைக் குன்றும் இடிந்த சுவரும் அடுக்கி, இரண்டு பேர் ஆளுக்கொரு படையை எதிரெதிரே நிறுத்துவார்கள். சதுரங்கம்போல் கட்டம் கிடையாது. அளவு நாடாவால் அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெட்டும் குத்தும் முடிவாகும். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற பெயரில் இதற்கு ஒரு விதிப்புத்தகமே எழுதினார். பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு எதிரிச் சிப்பாயை விழவைப்பது அவருடைய ஆட்டம். அவர் ஆடிய சிப்பாய்கள் வண்ணம் பூசியே கடைக்கு வந்தவை. இப்போதைய பொம்மைகள் வெறும் உலோகமாகவோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவோ துண்டு துண்டாக வரும். ஒட்டுவதும் தீட்டுவதும் வாங்கியவர் பொறுப்பு. ஆட்டம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், படையைத் தயார் செய்ய ஒரு வருஷம் பிடிக்கும். எனக்கு அந்த ஒரு வருஷம்தான் பெரிது.

நான் வந்து இறங்கிய ஊரே இந்தப் பொம்மைகளின் ஊர். 1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் பின்னால் நாட்டிங்ஹாமுக்கே தலைமையகத்தைக் கொண்டுவந்துவிட்டது. அதன் ‘வார்ஹாமர்’ ஆட்டம் 1983-இல் வந்தது; எதிர்கால விண்வெளிப் போரை வைத்துச் செய்த ‘வார்ஹாமர் 40,000’ 1987-இல். அங்கே வேலை பார்த்த சிற்பிகளும் ஓவியர்களும் வெளியே வந்து தனித்தனியாகப் பட்டறை போட, ஊரைச் சுற்றி பொம்மை வார்க்கும் நிறுவனங்கள் பெருகின. ஈயத்தில் வார்த்த காலத்து நினைவாக இந்த வட்டாரத்துக்கு ‘ஈயப் பட்டை’ என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. 1994-இல் பங்குச்சந்தைக்கு வந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப், 2024 டிசம்பரில் லண்டன் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் ஏறியது. வங்கிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் உட்கார்ந்திருக்கும் வரிசையில், பொம்மைச் சிப்பாய் விற்கிற ஒரு கம்பெனி.

1995-இல் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர், வேலை முடிந்து திரும்பும் வழி, ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகப் பொம்மைகள். காலில் வேர் பிடித்ததுபோல் நின்றுவிட்டேன். காரணம் மதுரை. விளாச்சேரிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. நவராத்திரிக்கு இரண்டு மாதம் முந்தியே அங்கே வீட்டுத் திண்ணைகளில் கொலு பொம்மைகள் காய ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைப் பார்த்துக்கொண்டே நின்று அடி வாங்கியவன் நான்.

அப்படிப்பட்டவன் முதல் பொம்மையிலேயே செய்த தவறு இன்னும் மனசில் இருக்கிறது. விளாச்சேரியில் சுட்ட மண்ணுக்கு முதலில் வெள்ளை அடிப்பார்கள். வெள்ளை காய்ந்த பிறகுதான் மற்ற நிறம். அதை நூறு தடவை பார்த்த நான், காரீயமும் வெள்ளீயமும் கலந்த வழவழப்பான உலோகத்தின்மேல் நேரே சிவப்பைப் பூசினேன். காய்ந்ததும் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் உரிந்து வந்தது. இங்கே அந்த அடிப்பூச்சுக்குப் பெயர் பிரைமர். அப்போதும் கடையில் டப்பாவாக விற்றதுதான். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு நாட்டுச் சமாச்சாரம், வேறு முறை இருக்கும் என்று நினைத்து, தெரிந்ததை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

அன்றைக்குக் கற்றுக்கொள்ள வழி குறைவு. மாதம் ஒருமுறை வரும் ‘ஒயிட் டுவார்ஃப்’ பத்திரிகையில் கைதேர்ந்தவர்கள் தீட்டிய பொம்மைகளின் படம் வரும். முடிந்த பொம்மை பக்கம் முழுக்கப் பளபளக்கும். முடிவதற்கு முன்னால் நடந்தது என்ன என்பது இரண்டு மூன்று வரியில் போய்விடும். கடையில் சனிக்கிழமை மதியம் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பதினான்கு வயதுப் பையன்களுக்கு நடுவே இருபத்தாறு வயது ஆள், அதுவும் அந்த மேசையில் ஒரே பழுப்பு நிறத் தோல்காரன், பேசாமல் உட்கார்ந்து அடுத்தவர் கையைப் பார்த்தேன். பெரும்பாலான வித்தையைக் கற்றது அப்படித்தான். ஒரு பையன் தூரிகையைத் துணியில் துடைத்துத் துடைத்து, வண்ணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் நிலைக்குக் கொண்டுவந்து, சங்கிலிக் கவசத்தின்மேல் லேசாக வீசினான். மேடான வளையங்கள் மட்டும் வெள்ளியாக மின்னின, பள்ளம் கறுப்பாகவே நின்றது. டிரை பிரஷ் என்று பெயர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு மணி வரை அதையே செய்தேன்.

என் கை முதல்முதலாக உருப்படியாக முன்னேறியது பதம் பிடிபட்டபோதுதான். டப்பாவில் இருக்கும் வண்ணம் கெட்டி. அப்படியே பூசினால் புருவமும் விரல் நகமும் களிமண் அப்பியதுபோல் மூடிப்போகும். தண்ணீர் விட வேண்டும். எவ்வளவு? இங்கே பால்போல் இருக்கட்டும் என்பார்கள். எனக்கு அது ஏறவில்லை. நீர்மோர் என்று நினைத்துக்கொண்ட நாளிலிருந்து கை தானாகச் சரியானது. தூரிகையால் தட்டின்மேல் இழுத்தால் அடியில் தட்டு லேசாகத் தெரிய வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. இரண்டு மெல்லிய பூச்சு, முதலாவது காய்ந்தபின் இரண்டாவது. டங்கன் ரோட்ஸ் என்பவர் வீடியோக்களில் ஓயாமல் சொல்லிச் சொல்லி ‘இரண்டு மெல்லிய பூச்சு’ என்பது இந்த உலகத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. இன்று பன்னிரண்டு வயதுக் குழந்தைகூட முதல் நாளே அதைச் சொல்கிறது. எனக்கு அங்கே வந்து சேர மூன்று வருஷம்.

தூரிகை விஷயமும் அப்படியே. சின்னப் பொம்மைக்குச் சின்னத் தூரிகை என்று எண்ணி, ஐந்தாறு முடி மட்டுமே உள்ள பூஜ்ய அளவுகளையெல்லாம் வாங்கிக் குவித்தேன். அவ்வளவு சின்ன நுனியில் வண்ணம் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கொஞ்சம் பெரிய வயிறும் ஊசிபோன்ற நுனியும் உள்ள ஒன்றாம் நம்பர் தூரிகை போதும். வயிறு வண்ணத்தைத் தேக்கி வைக்கும், நுனி கோடு போடும். வின்ஸர் அண்ட் நியூட்டனின் ‘சீரிஸ் 7’ தூரிகை 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யத் தொடங்கியது. நீர்வண்ண ஓவியத்துக்கான அதே முடித் தூரிகையால்தான் இன்று பலரும் விண்வெளிச் சிப்பாயின் கண்ணைத் தீட்டுகிறார்கள். என்னிடம் இருக்கும் ஒன்றுக்குப் பதினோரு வயது. ஒவ்வொரு ராத்திரியும் சோப்பில் கழுவி, நுனியை உதட்டால் கூட்டி, மூடி போட்டு வைக்கிறேன்.

வண்ணத்தை ஈரமாக வைத்திருக்க அப்போது பழைய பீங்கான் தட்டு. பத்து நிமிஷத்தில் காய்ந்து ஏடு கட்டும். இப்போது ஒரு டப்பா, அதில் நனைத்த பஞ்சு, மேலே பேக்கிங் தாள். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கும் அதே யோசனை. மூடி வைத்தால் நேற்றுக் கலந்த நிறம் நாளைக்கும் அப்படியே இருக்கிறது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு சிவப்பிலிருந்து அடுத்த சிவப்புக்குப் படிப்படியாகப் போக ஐந்தாறு கலவை வேண்டும், அவை சேர்ந்தாற்போல் ஈரமாக இருக்க வேண்டும். என் தாடிக்காரனின் நரை அந்த டப்பாவுக்குக் கடன்பட்டது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மூரில் கண் திறப்பது கடைசி வேலை. சிலையோ கொலு பொம்மையோ, எல்லாம் முடிந்த பிறகுதான் கண். இங்கே தலைகீழ், முதலில் கண், அப்புறம் முகம். வருஷக்கணக்கில் கடைசியில்தான் கண் தீட்டிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முகமும் கடைசி நிமிஷத்தில் கெட்டது. விஷயம் அளவில் இருக்கிறது. இந்தப் பொம்மையின் கண் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அதுவும் புருவத்துக்கு அடியில் குழிக்குள். தூரிகை சுற்றிலும் பட்டே தீரும். முதலிலேயே தீட்டிவிட்டால் சிந்தியதையெல்லாம் தோல் நிறத்தால் அப்புறம் மூடிவிடலாம். இப்போது நான் செய்வது இப்படி: குழி முழுக்க அடர் பழுப்பு. அதற்குள் மங்கிய வெள்ளையில் ஒரு படுக்கைக் கோடு. தூய வெள்ளை வைத்தால் பேய் முழிதான் வரும். பிறகு கருவிழிக்குப் புள்ளி வைப்பதில்லை. புருவத்திலிருந்து கன்னம் வரை செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு இழுப்பேன். கொடூரமாக இருக்கும், கோமாளி வேஷம் மாதிரி. அதற்குப்பின் மேல் இமையையும் கீழ் இமையையும் தோல் நிறத்தால் மூடும்போது, நடுவில் மிஞ்சுவது ஒரு நல்ல பார்வை. மூச்சை விட்ட பிறகு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் கோடு இழுக்க வேண்டும். இரண்டு மணிக்கட்டும் ஒட்டி, மேசையில் ஊன்றி இருக்க வேண்டும்.

முதல் தாடிக்காரனைத் தீட்டியபோது எனக்குக் கண்ணாடி வேண்டாத கண். மஞ்சள் குண்டு பல்ப் வெளிச்சத்திலேயே தாடியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. இப்போது நெற்றியில் மாட்டும் உருப்பெருக்கி இல்லாமல் மூக்கு எது வாய் எது என்று தெரியாது. ஆனால் அன்று வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே இல்லை. சிவப்புச் சட்டை என்றால் முழுக்கச் சிவப்பு. மூன்று சென்டிமீட்டர் உருவத்தின்மேல் அறை விளக்கு போடும் நிழல் போதாது. மனித அளவில் விழும் நிழலை நாமே தீட்டிக் கொடுக்க வேண்டும். இதைப் புரியவைத்தது ஒரு ஸ்ப்ரே டப்பா. பொம்மை முழுக்கக் கறுப்பு அடித்துக் காயவிட்டு, உச்சியிலிருந்து மட்டும் வெள்ளை அடித்தேன். தலை, தோள், மூக்கு, தொந்தி, காலணி நுனி வெள்ளையாயின. தாடைக்குக் கீழும் அக்குளும் கறுப்பாகவே நின்றன. உச்சிவெயிலில் ஒருவன் நிற்பதுபோல் இருந்தது. எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதற்கு வரைபடம் கையில் கிடைத்தமாதிரி. ஒரு மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்று வண்ணமே தொடாமல் தூங்கப் போனேன்.

2019-இல் கான்ட்ராஸ்ட் என்ற வகை வண்ணம் வந்தது. வெளிர் அடிப்பூச்சின்மேல் ஒரே ஒரு தடவை பூசினால் பள்ளத்தில் தேங்கிக் கறுத்து, மேட்டில் வழிந்து வெளிறி, நிழலும் வெளிச்சமும் தானே வந்துவிடும். பழைய ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நான் மனசார வரவேற்கிறேன். வேலைக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் வாரம் இரண்டு மணி நேரம் கிடைக்கிற ஒருவர் தன் படையை முடித்துப் பார்க்கிற சந்தோஷம் சின்னதில்லை. அலமாரியில் சாம்பல் நிறத்திலேயே வருஷக்கணக்கில் கிடக்கும் பெட்டிகளை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

வண்ணம் ஒரு பக்கம். எனக்கு இதைவிடப் பிரியமான வேலை பொம்மையை வெட்டி வேறு ஆளாக்குவது. இங்கே கன்வர்ஷன் என்பார்கள்.

1998-இல் ஒரு நகரக் காவலனைச் செய்ய ஆசைப்பட்டேன். கையில் வாள் வேண்டாம், லாந்தர் விளக்கு வேண்டும். என்னிடம் இருந்தது வாள் ஓங்கிய உலோகப் பொம்மை. நகை ஆசாரிகள் வைத்திருப்பது போன்ற மெல்லிய ரம்பத்தால் தோளில் அறுக்க ஆரம்பித்தேன். உலோகம் மெத்தென்று இருக்கிறதே தவிர ரம்பப் பல்லில் அடைத்துக்கொள்ளும். நாலு இழுப்புக்கு ஒருமுறை மெழுகு தடவ வேண்டும். மூன்று சாயங்காலம் ஆயிற்று, இரண்டு அலகு ஒடிந்தது. ஈயத்தூள் என்பதால் செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் முழங்கை வரை கழுவி, அந்த மேசையில் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். புதுக் கையைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். முதல் ஆட்டத்திலேயே பொத்தென்று விழுந்தது. கனமான உலோகத்தைப் பசை மட்டும் தாங்காது. விரலால் திருகும் குட்டித் துளைப்பானால் தோளிலும் கையிலும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, காகித கிளிப்பின் கம்பித் துண்டை உள்ளே செருகி ஒட்ட வேண்டும். இரண்டு துளையும் நேருக்கு நேர் அமையவில்லை என்றால் கை கோணும். ஒரு துளையில் ஒரு பொட்டு வண்ணம் வைத்து, ஈரமாக இருக்கும்போதே மற்றதன்மேல் அழுத்தினால் அடையாளம் விழும் என்ற உபாயத்தைக் கண்டுபிடிக்க அந்த விளக்குக்காரன் தோள் இரண்டுதரம் பழுதானது. லாந்தர் ஒரு கண்ணாடி மணியும் பிளாஸ்டிக் தகட்டுச் சீவலும். தோளின் இணைப்பை மறைக்கப் பச்சை மாவில் ஒரு துப்பட்டி.

அந்தப் பச்சை மாவு இந்தக் கலையின் ஆணிவேர். நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டையாக வரும் எபாக்ஸி. சம அளவு பிய்த்து, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்தால் பச்சையாகும். மஞ்சள் கூடினால் இளகி ஒட்டும், நீலம் கூடினால் கெட்டியாகிக் கூரான விளிம்பு நிற்கும். விரலையும் கருவியையும் நனைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் கருவியோடு பெயர்ந்து வரும். பிசைந்தவுடன் துணி மடிப்பு போட்டால் இழுபடும். இருபது நிமிஷம் பொறுத்து, கொஞ்சம் விறைத்தபின் போட்டால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும். மறுநாள் கல்.

1990-களில் அச்சுக்கான மூல உருவங்களையும் பெரும்பாலும் இந்த மாவில்தான் கையால் செய்தார்கள். அந்தத் தலைமுறைச் சிற்பிகளில் ஆலன், மைக்கேல் பெர்ரி என்ற இரட்டைச் சகோதரர்கள் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். 1996-இல் பிரான்ஸில் பழங்காலப் போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி தவறாக வெடித்து மைக்கேல் வலது கையை இழந்தார். செதுக்கியது அந்தக் கையால். அவர் இடது கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, மீண்டும் சிற்பியாகவே தொழில் செய்தார். பின்னால் செய்த பொம்மைகள் என்னிடம் சில இருக்கின்றன. ஒரு பொத்தான்கூடப் பிசகியிருக்காது. எனக்கு வேலை சலிக்கும் ராத்திரிகளில் அவற்றில் ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்துக்கொள்வேன்.

பழைய பொம்மைகள் ஏன் அப்பளம்போல் தட்டையாக, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தே நிற்கின்றன என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். வார்ப்பு முறைதான் காரணம். வட்டமான இரண்டு ரப்பர் அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வேகமாகச் சுழற்றிக்கொண்டே நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். முன்னால் நீட்டிய கை இருந்தால் அச்சு பிரியும்போது மாட்டிக்கொள்ளும். எனவே சிற்பி ஆளைத் தட்டையாக நிறுத்த வேண்டியிருந்தது. பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு. அது ரப்பர்போல் வளையாது, ஆகவே உடம்பைத் துண்டுகளாகப் பிரித்துத்தான் வார்க்க வேண்டும். 1987-இல் வந்த முதல் விண்வெளிச் சிப்பாய்ப் பெட்டியில் 9.99 பவுண்டுக்கு முப்பது ஆட்கள். கை தனி, துப்பாக்கி தனி. பின்னால் தலை, உடம்பு, கால் எல்லாம் தனித்தனியாக வந்தன. ஒன்றின் தலை இன்னொன்றின் கழுத்தில் பொருந்தும். கத்தரிப்பானால் ஒரு வெட்டு. பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிவிடும் பசை. கம்பியும் துளையும் தேவையில்லை. மிச்சம் விழும் தலைகளையும் கைகளையும் தையற்காரர் பொத்தான் டப்பாபோல் அறை அறையாகப் பிரித்த பெட்டிகளில் சேர்த்தேன். ஏழு பெட்டி ஆகிவிட்டது.

இன்றைய பொம்மைகள் கணினியில் செதுக்கியவை. அழகில் பழையவை கிட்டே வர முடியாது. அங்கி காற்றில் பறக்கிறது, ஒரு கால் பாறைமேல், உடம்பு முறுக்கித் திரும்புகிறது. ஆனால் வெட்டி மாற்றுகிறவனுக்கு இவை கஷ்டம். எஃகு அச்சுக்குத் தோதாகக் கணினி துண்டு போடுவதால், பாதி முழங்கை மார்போடும் மீதி அங்கியோடும் வருகிறது. இடது கையை மாற்ற வேண்டுமென்றால் முதுகைப் பிளக்க வேண்டும். கன்வர்ஷனுக்குப் பொற்காலம் என்று நான் சொல்வது இடைப்பட்ட அந்த 2000-களைத்தான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கும் முன்னால் ஆட்களுக்குக் கிடைத்ததே துணிச்சல் மட்டும்தான். 1980-களில் ‘ஒயிட் டுவார்ஃப்’ பத்திரிகையிலேயே காலி டியோடரன்ட் டப்பாவை வைத்துப் பறக்கும் டாங்கி செய்வது எப்படி என்று போட்டார்கள். அந்தத் துணிச்சலைச் சாகவிடாமல் காத்தவர்களில் ஓவியர் ஜான் பிளாஞ்ச் முக்கியமானவர். துருவும் குருதியும் மெழுகுவர்த்திப் புகையுமாக அவர் வரைந்த உலகத்துக்கு ஏற்ற ஆட்களைக் கடையில் வாங்க முடியாது, வெட்டித்தான் செய்ய வேண்டும்.

கடையில் வாங்கிய ஆளுக்கு வேறொரு பெட்டியின் வாளை ஒட்டுவதை நானும் பல வருஷம் கன்வர்ஷன் என்றே நினைத்தேன். ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும், ஏன் என்று புரியாது. ஒரு லீவில் சென்னைக்கு வந்தபோது எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் பதில் கிடைத்தது. திரிபங்கமாக நிற்கும் ஒரு தேவி. எடை ஒரு காலில் இறங்குகிறது. அந்தப் பக்க இடுப்பு ஏறுகிறது, தோள் இறங்குகிறது, கழுத்து அதற்கு எதிராகச் சாய்கிறது. என் பொம்மைகளில் எடை எங்குமே இறங்கவில்லை! கனத்த கோடரியைக் கொடுத்துவிட்டு, கையில் ஒன்றுமே இல்லாதவன்போல் நிற்கவைத்திருக்கிறேன். நாட்டிங்ஹாம் திரும்பியதும் கண்ணாடி முன்னால் துடைப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். அதற்குப்பின் வெட்டும் இடம் மாறியது. கையை விட்டுவிட்டு இடுப்பை வெட்ட ஆரம்பித்தேன். இடுப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆப்பு செருகினால் போதும், ஆள் உயிரோடு நிற்பான்.

2018, 2019 வாக்கில் பிசின் திரவத்தை ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைக்கும் அச்சு இயந்திரங்கள் வீட்டு விலைக்கு வந்துவிட்டன. எங்கள் கிளப்பில் நாலு பேரிடம் இருக்கிறது. லாந்தர் வேண்டுமா, கணினியில் வரைந்து ராத்திரி ஓடவிட்டால் காலையில் பத்து லாந்தர். நானும் பயன்படுத்துகிறேன். இறுகாத பிசின் தோலில் படக் கூடாது, கையுறை கட்டாயம், தேய்க்கும்போது முகமூடி. ஈயத்துக்குப் பயந்து கை கழுவியவனுக்கு இந்த ஒழுங்கு புதிதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். மூன்று சாயங்காலம் அறுக்க வேண்டியிருந்த காலத்தில், அறுப்பதற்கு முன் ஒரு வாரம் காகிதத்தில் வரைந்து பார்ப்பேன். தப்பினால் பொம்மை போச்சு, காசும் போச்சு. இப்போது தப்பினால் இன்னொன்று அச்சடிக்கலாம், ஆகவே வரையாமலே வெட்டிவிடுகிறேன். பாதி முடிந்த ஆட்கள் மேசையில் குவிகிறார்கள். அதனால் இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். முதலில் பென்சில், பிறகு கத்தி.

கிளப் என்றேனே, அன்று கடை மேசையில் பார்த்ததற்கும் இன்று அங்கே பார்ப்பதற்கும் வித்தியாசம் நிறைய. ஆண்பிள்ளைகள் மட்டுமே இருந்த மேசையில் இன்று பள்ளிக்கூடப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் உட்கார்ந்து தீட்டுகிறார்கள். போன மாதம் ஒரு சிறுமி இரண்டு தாடிக்காரர்களையும் கையில் வாங்கிப் பார்த்தாள். அடித்தட்டைத் திருப்பினால் தேதி இருக்கும். தீட்டி முடித்த ஒவ்வொன்றின் அடியிலும் நான் எழுதி வைப்பது வழக்கம். பழைய ஆளை ஏன் டெட்டாலில் போடவில்லை என்று கேட்டாள். நம் வீட்டில் புண்ணுக்குப் போடும் அதே பழுப்பு டெட்டால்தான். ஒரு ராத்திரி ஊறினால் வண்ணம் முழுக்கக் கழன்று உலோகம் புதுசாகிவிடும். கழுவும்போது தண்ணீர் பட்டால் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும், அதனால் முதல் அலசலும் டெட்டாலிலேயே செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனை மட்டும் அதில் போடமாட்டேன் என்றும் சொன்னேன். அந்த வருஷம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஆட்கள் மூன்று பேர். நாலாவது ஆள் அவன்.

இப்போது மேசையில் இருப்பது புதிய விளக்குக்காரன். 1998-இல் செய்தவனையே, இந்தத் தடவை பிளாஸ்டிக்கில், இடுப்பை வெட்டி, விளக்கைத் தூக்கிப் பிடித்து இருட்டுக்குள் குனிந்து பார்ப்பவனாகச் செய்கிறேன். வலது தோளில் ஒரு முடி அளவு இடைவெளி தெரிகிறது. பச்சை மாவு பிசைந்து வைத்தாயிற்று. ஒரு மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும்.